கம்ப்யூட்டர் இல்லாமல் குட்டி மிடி கீபோர்டு: யாருக்கு ஒத்துவந்தது, யாருக்கு வரவில்லை? (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் ஊர்.)

கொழிஞ்சாம்பாறை

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் வாசித்தால் கானமேளா, அந்தப் பக்கம் வாசித்தால் இன்னிசைக் கச்சேரி. ட்ரூப் ஒன்றுதான். லேப்டாப் மேடை ஏறக் கூடாது என்பது எங்களிடம் எழுதாத சட்டம். ஜெனரேட்டர் கரண்ட், புழுதி, வெடி, இத்தனைக்கும் நடுவில் அதை யார் காப்பாற்றுவது? அதனால் தாளத்தோடு தானே ஒலிக்கும் 61 கீ அரேஞ்சர் கீபோர்டுக்கு மேலே ஒரு குட்டி கன்ட்ரோலர், அதிலிருந்து கீ இல்லாத ஒலிப்பெட்டியான ரோலண்ட் ஜேவி 1010 மாட்யூலுக்கு ஒரு வயர். கன்ட்ரோலருக்குச் சொந்தச் சத்தம் கிடையாது, எந்தக் கீயை அமுக்கினோம் என்ற செய்தியை மட்டும் அனுப்பும். அந்தச் செய்தியின் மொழிதான் மிடி. ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், கோரஸ் எல்லாம் அந்த மாட்யூலில்.

குட்டி கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் தட்டுகிற பேட் எத்தனை, திருகுகிற நாப் எத்தனை என்று முன்பக்கத்தையே பார்க்கிறார்கள். முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வட்டமான ஐந்து பின் மிடி அவுட் இருக்கிறதா? ஆர்ட்டூரியா கீஸ்டெப்பில் இருக்கிறது. மினிலேப் 3-லும் உண்டு, அதற்கு முந்தைய மினிலேப் மார்க் 2-ல் கிடையாது. அகாய் எம்பிகே மினி மார்க் 3, கோர்க் நானோகீ 2 இரண்டிலும் யூஎஸ்பி மட்டும்தான்.

யூஎஸ்பி போதாதா என்று கேட்பீர்கள். வீட்டில் கம்ப்யூட்டரோடு வாசிக்கத் தாராளமாகப் போதும். ஆனால் யூஎஸ்பியில் ஒரு முனை, பேச்சை ஆரம்பித்து நடத்துகிற ஹோஸ்டாக இருந்தே ஆகவேண்டும். வீட்டில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. கன்ட்ரோலரும் ஹோஸ்ட் இல்லை, பெரும்பாலான சின்த்களின் (சத்தத்தைத் தானே உண்டாக்கும் கருவிகள்) பின்னால் இருக்கும் சதுர யூஎஸ்பி துளையும் ஹோஸ்ட் இல்லை. இரண்டையும் வயர் போட்டு இணைத்தால், பெண் வீட்டார் பேசட்டும் என்று மாப்பிள்ளை வீடும், மாப்பிள்ளை வீட்டார் பேசட்டும் என்று பெண் வீடும் உட்கார்ந்திருக்கிற கதைதான். நடுவில் ஒரு ஹோஸ்ட் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஒரு அடாப்டர், அடாப்டருக்கு ஒரு பிளக் பாயின்ட். அப்புறம் குட்டி கன்ட்ரோலர் வாங்கியதில் என்ன மிச்சம்?

ஐந்து பின் வயர் 1983-ல் வந்த பழசு என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் மேடையில் வாசித்துப் பார்க்க வேண்டும். வேகம் நொடிக்கு 31,250 பிட்தான். ஆனாலும் ஒரு சுரத்தின் செய்தி போய்ச் சேர ஒரு மில்லிசெகண்ட் கூட ஆகாது. 15 மீட்டர் வரை வயர் இழுக்கலாம், யூஎஸ்பி 2 என்றால் 5 மீட்டரோடு சரி. இதற்கெல்லாம் மேலே, மிடி இன் துளைக்குப் பின்னால் ஒரு ஆப்டோகப்ளர் உட்கார்ந்திருக்கிறது. செய்தி அதற்குள் வெளிச்சமாகக் கடந்துபோகும், இரண்டு கருவிகளின் கிரவுண்டும் ஒட்டாது. ஜெனரேட்டர் ஓடுகிற மேடையில் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று வரும் இரைச்சல், யூஎஸ்பி வழியாக எல்லாவற்றையும் கோத்தால் சுலபமாக ஏறிவிடும்.

இன்னொரு தொல்லை பவர். குட்டி கன்ட்ரோலரைப் பவர் பேங்க்கில் ஓட்டலாம் என்பார்கள். ஓடும், கொஞ்ச நேரம். இது இழுக்கிற கரண்ட் அவ்வளவு கம்மி என்பதால், போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். எங்களுக்கு அது நடந்தது சித்தூர் பக்கத்துக் கோயில் ஒன்றில். பல்லவி முடிந்து இடையிசை எடுக்கிறேன், கன்ட்ரோலரில் விளக்கே இல்லை. தபலாக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் பவர் பேங்க்கைப் பார்க்கிறேன். கம்மி கரண்ட் மோடு இருக்கிற பவர் பேங்க் வாங்குங்கள், இல்லையென்றால் நல்ல போன் சார்ஜரே போதும்.

கீ பற்றி. சாதாரணக் கீபோர்டில் ஒரு ஆக்டேவ் ஏறக்குறைய 16.5 செ.மீ. மினி கீயில் அது சுருங்கிவிடும். மேலே மினி, கீழே ஃபுல் சைஸ் என்று இரண்டு கையும் வேறு வேறு அளவில் ஓடும்போது, வேகமான பாட்டில் விரல் பக்கத்துக் கீயில் விழும். கார்ட் பிடித்து நிற்கிற வேலைக்கு மினி கீ நன்றாகவே இருக்கிறது. நாதஸ்வரம், வயலின் மாதிரி கமகம் வேண்டியதற்கு சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட்தான் உயிர். கீஸ்டெப்பில் தொடுபட்டை, எம்பிகே மினியில் கட்டைவிரல் ஜாய்ஸ்டிக். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. வியர்த்த விரலுக்குப் பட்டை சரியாக வராது, ஜாய்ஸ்டிக்கோ தொட்டதும் ஓடிவிடும். சக்கரத்துக்கு ஈடில்லை. மிடியில் பெண்ட்டுக்கு 16,384 படிகள் உண்டு. சில மலிவுக் கன்ட்ரோலர்கள் 128 படியோடு நிறுத்திக்கொள்ளும். மாட்யூலில் பெண்ட் அளவை ஒரு ஆக்டேவுக்கு விரித்து வைத்தால் ஜாரு, அதாவது சுரத்திலிருந்து சுரத்துக்குச் சறுக்குவது, வழுக்காமல் படிப்படியாக இறங்குவது காதில் கேட்கும்.

டிரான்ஸ்போஸ் பட்டன் மட்டும் வரம். பாடகர் ஒருவர் அஞ்சரைக் கட்டை, அடுத்தவர் இரண்டரை. அதைத் தட்டிவிட்டு அதே விரலில் வாசிக்கலாம்.

களியக்காவிளை

கொழிஞ்சாம்பாறை அண்ணன் பின்பக்கம் பாருங்கள் என்று சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். விட்ட சுரத்தை இழுத்துப் பிடிக்கும் பெடலுக்கான துளை. நான் சர்ச் கொயரில் வாசிக்கிறேன், பெடல் இல்லாமல் ஞானப்பாட்டு வாசிக்க முடியாது. நானோகீ 2 மாதிரி சிலவற்றில் பெடல் துளையே கிடையாது, பட்டன்தான். இரண்டு கையும் கீயில் இருக்கும்போது அதை அமுக்க மூன்றாவது கையா வரும்?

பெடல் வாங்கி மாட்டினால் சில நேரம் தலைகீழாக வேலை செய்யும். மிதித்தால் சத்தம் நிற்கும், விட்டால் இழுக்கும். பெடல் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். பல கன்ட்ரோலர்கள் ஆன் ஆகும்போதுதான் பெடல் எந்த ரகம் என்று கண்டுபிடிக்கும். பெடலை முதலில் மாட்டி, காலை எடுத்துவிட்டு, அப்புறம் பவர் கொடுங்கள்.

கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் இந்தக் குட்டிக்கு நிகர் இல்லை. ஜீப்பின் பின்சீட்டில் மடியில் வைத்து, ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும் கோர்க் வோல்கா கீஸ் என்ற குட்டி சின்த்தில் சொருகிவிடுவேன். அதில் மூன்று சுரம்தான் சேர்ந்து ஒலிக்கும். பையன்களுக்கு அது போதும், பெரியவர்கள்தான் ஆர்மோனியம் எங்கே என்று கேட்பார்கள்.

செங்கோட்டை

எதற்கு இவ்வளவு பாடு? 49 கீ ஒன்று வாங்கிவிட்டால் கதை முடிந்தது.

கொழிஞ்சாம்பாறை

49 கீயைத் தூக்கிக்கொண்டு திருவிழா நேரத்து பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நகரி

பவர்லூம் சத்தத்துக்கு நடுவே வீட்டில் சின்த்களை மட்டும் வைத்து ரெக்கார்டிங் செய்கிறேன். வட்டத் துளைக்கு இடமில்லாத குட்டிகளில் ஹெட்போன் துளை மாதிரி 3.5 மி.மீ. மிடி அவுட் வைக்கிறார்கள். அதில் ஏ, பி என்று இரண்டு வகை. முனையிலும் நடுவளையத்திலும் வரும் கம்பிகள் இரண்டில் இடம் மாறியிருக்கும். 2018-ல் ஏ வகையைத்தான் பொது முறையாக அறிவித்தார்கள், அதற்கு முந்தைய கருவிகளில் பி நிறைய உண்டு. ஐந்து பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரைத் தப்பான வகையில் போட்டால் எதுவும் எரியாது, சத்தம் மட்டும் வராது. எனக்குக் கடையில் கொடுத்தது வேறு வகை. பட்டறைக்கார நண்பர் சால்டரிங் வைத்து இரண்டு கம்பியை மாற்றிப் போட்டார், அடுத்த நிமிஷம் வாசித்தது.

செங்கோட்டை

சரி, பஸ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் ஏற்கெனவே யூஎஸ்பி மட்டும் உள்ள ஒன்று சும்மா கிடக்கிறது. அந்த ஹோஸ்ட் பெட்டி என்று சொன்னீர்களே, எதை வாங்க?

கொழிஞ்சாம்பாறை

கென்டன் மிடி யூஎஸ்பி ஹோஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, டோரேமிடியும் சின்னதாகச் செய்கிறார்கள். வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் கிடந்தால் யூஎஸ்பி மிடி வயர் ஒன்றைச் சேர்த்து அதையே ஹோஸ்டாக்கலாம், ஆனால் கரண்ட் போய் வந்தால் அது எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டும். எதை வாங்குவதானாலும் உங்கள் கன்ட்ரோலர் தனி டிரைவர் சாஃப்ட்வேர் இல்லாமலே ஓடும் கிளாஸ் கம்ப்ளையன்ட் ரகமா என்று முதலில் பாருங்கள். தனி டிரைவர் கேட்கிற மாடல் என்றால் இந்தப் பெட்டிகள் பொதுவாக அதை அடையாளமே காணாது.