பர்தினியா, வால்தரா? 25 மீட்டருக்கு எந்த .22 பிஸ்டல் வாங்குவது?

ஈசூன்_மலர்:
பத்து மீட்டர் ஏர் பிஸ்டலிலிருந்து பெண்களுக்கான 25 மீட்டருக்கு மாறுகிறேன். இதுவரை கிளப் துப்பாக்கிதான், இனி சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று எண்ணம். புது பர்தினி எஸ்பி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இன்னொன்று, கிளப்பில் ஒருவர் விற்கும் பழைய வால்தர் ஜிஎஸ்பி. இரண்டும் .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டாவைச் சுடுபவை, ஐந்து தோட்டா பிடிக்கும். ஜிஎஸ்பி பாதி விலைக்கும் கீழே. எதை எடுப்பது?

சுவாசூகாங்_மாமா:
ஜிஎஸ்பிதான், யோசிக்கவே வேண்டாம்மா. 1960களின் கடைசியில் வந்த வடிவம், இன்னும் போட்டிகளில் பார்க்கலாம். டிரிக்கர் (விசை) பகுதியை மொத்தமாகக் கழற்றி எடுத்துத் துடைத்து மாட்டிவிடலாம். நம் சிங்கப்பூரில் துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையில்தான் இருக்கும், வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் துடைக்க வழியில்லை. மிச்சமாகும் வெள்ளிக்குத் தோட்டா வாங்குங்கள்.

குறி_தவறாதவன்:
மாமா சொல்வது பாதிதான் சரி. ஜிஎஸ்பிக்கு முனைப் பக்கம் பாரம் அதிகம். போட்டியின் முதல் 30 தோட்டா நிதானச் சுற்றில் அது நல்லது. அடுத்த 30? இலக்கு 3 விநாடி தெரியும், 7 விநாடி மறையும். கையை 45 டிகிரிக்கு இறக்கி வைத்திருந்து, தெரிந்ததும் தூக்கிச் சுட வேண்டும். பர்தினியில் குழல் கையை ஒட்டினாற்போல் தாழ்வாக இருக்கும், சுட்டதும் முனை அதிகம் எகிறாது. பாரத்தையும் கூட்டலாம், குறைக்கலாம்.

சுவாசூகாங்_மாமா:
தம்பி, முனை எகிறினால் என்ன? இலக்கு ஒரு தடவை தெரிந்தால் ஒரு தோட்டாதானே. அப்புறம் ஏழு விநாடி இருக்கிறதே! நீங்கள் சொல்வது ஆண்களின் ரேபிட் ஃபயருக்குப் பொருந்தும். அங்கே 4 விநாடியில் ஐந்து இலக்கு.

குறி_தவறாதவன்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளைக்கே இவருக்கு ஸ்டாண்டர்ட் பிஸ்டல் என்ற இன்னொரு 25 மீட்டர் போட்டியில் சுட ஆசை வந்தால்? கடைசிச் சுற்றில் 10 விநாடியில் ஐந்து தோட்டா. அதைவிடப் பெரிய தலைவலி உதிரிப் பாகம். வால்தர் அடுத்த மாடல்களுக்குப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. சுடும்போது பின்னால் வரும் போல்ட் மோதும் இடத்தில் அதிர்ச்சி தாங்கும் சின்ன பஃபர் நைந்தால் எங்கே போவார்? ஃபோன் உறை மாதிரி இணையத்தில் தட்டி வரவழைக்க இது சிங்கப்பூரில் நடக்குமா? துப்பாக்கிச் சாமான் எதற்கும் காவல்துறை உரிமப் பிரிவைத் தாண்டியாக வேண்டும்.

தெம்பனிஸ்_அக்கா:
இரண்டு பேரும் கிரிப்பை, அதாவது கைப்பிடியைப் பற்றி மூச்சே விடவில்லையே. மலர், இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள். கண்ணை மூடிக் கையைத் தூக்கி, நிலைத்ததும் திறங்கள். குறிபார்க்கும் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் நின்றால் கிரிப் உங்களுக்கானது. இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கினால், நீங்கள் மணிக்கட்டை முறுக்கித்தான் சரிசெய்வீர்கள், மூன்று விநாடியில் அதற்கு நேரம் கிடையாது. பழைய துப்பாக்கியின் மரக் கிரிப்பை முந்தைய உரிமையாளர் தன் கைக்கு அரத்தால் ராவியிருப்பார். நம் வெக்கையில் உள்ளங்கை வேர்க்கும்போது அந்தப் பொருந்தாத இடம்தான் முதலில் வழுக்கும். புதுக் கிரிப் போட ஆகும் செலவையும் ஜிஎஸ்பி விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு கிலோ எடையை டிரிக்கரில் மாட்டி, குழல் நேர் மேலே பார்க்கத் தூக்கச் சொல்லுங்கள். எடை தொங்கும்போதே டிரிக்கர் விழுந்தால் போட்டிப் பரிசோதனையில் தேறாது. 25 மீட்டருக்கு டிரிக்கர் குறைந்தது 1000 கிராம் தாங்க வேண்டும் என்பது விதி. ஸ்பிரிங் தளர்ந்த பழைய துப்பாக்கிகள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

சுவாசூகாங்_மாமா:
ஸ்பிரிங் தளர்ந்தால் திருகை இறுக்கிக்கொள்ளலாம் அக்கா. கிரிப் விஷயம் நியாயம்தான். ஆனால் பர்தினி வாங்கினாலும் அரம் பிடிக்காமல் இருக்கப் போகிறாரா?

ஈசூன்_மலர்:
சனிக்கிழமை ரேஞ்சில் இரண்டையும் சுட்டுப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அக்கா சொன்ன எடைச் சோதனையையும் செய்து பார்க்கிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

சுவாசூகாங்_மாமா:
தோட்டா அடைக்கும் மேகசின் எத்தனை தருகிறார் என்று ஜிஎஸ்பி விற்பவரிடம் கேளுங்கள். .22 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு, மேகசினின் மேல் விளிம்பு (உதடு) லேசாக வளைந்திருந்தாலும் அது சிக்கும். ஒவ்வொரு மேகசினிலும் ஐந்தைப் போட்டு முழுக்கச் சுட்டுப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

குறி_தவறாதவன்:
அந்த மேகசின் வளைந்திருந்தால் புதுசு எங்கே கிடைக்கும், மாமா? அதையும் சொல்லிவிடுங்கள்.