ராக்கி மலைச் சரிவில் நிலக்கரிச் சுரங்கம்: எதிர்ப்பவர்களையும் ஆதரிப்பவர்களையும் நேரில் சந்தித்த அனுபவங்கள்

லெத்பிரிட்ஜிலிருந்து ஓர் உறுப்பினர்

எங்கள் நகரத்துக் குடிநீர் ஓல்ட்மேன் ஆற்றிலிருந்து வருகிறது. டேபர் பக்கத்து உருளைக்கிழங்குக்கும் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டுக்கும் பாயும் வாய்க்கால் நீரும் அதே ஆற்றுப் படுகையினுடையதுதான். அந்த ஆறு பிறக்கும் ராக்கி மலையின் கிழக்குச் சரிவுகளில் திறந்தவெளிச் சுரங்கங்களைப் பெருமளவு தடுத்துவந்த 1976ஆம் ஆண்டின் நிலக்கரிக் கொள்கையை, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண அரசு 2020 மே மாதம், பெருந்தொற்றுக்கு நடுவே, மக்களிடம் கருத்துக் கேட்காமலேயே கைவிடுவதாக அறிவித்தது.

அதையடுத்து வந்த குளிர்காலத்தில், மாட்டிறைச்சி வாங்குவதற்காக மலையடிவாரப் பண்ணை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பண்ணைக்காரர் கடப்பாரையால் தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து குழாய்வழி இறங்கும் ஊற்று நீர் விரல் பருமனில் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. பழமைவாதக் கட்சியைத் தவிர வேறு எதற்கும் வாக்களித்ததில்லை என்று தாமாகவே சொன்ன அவர், "மேலே பாறையை வெடிவைத்துப் பிளந்தால் இந்த ஊற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று எந்தப் பொறியாளர் எனக்கு எழுதிக் கொடுப்பார்?" என்று கேட்டார். சுற்றுச்சூழல் இயக்கம் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. அரசை அசைத்தவர்கள் இத்தகையவர்களே என்பது என் கணிப்பு. பண்ணைக் குடும்பத்தில் பிறந்த நாட்டுப்புறப் பாடகர் கார்ப் லண்ட் வெளிப்படையாக எதிர்த்துப் பேசியதும் அவர்களுக்குத் துணிவளித்தது. 2021 பிப்ரவரியில் பழைய கொள்கை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

கால்கரியிலிருந்து ஓர் உறுப்பினர்

மேலே எழுதியவர் சொல்வது ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்பவர்களின் நிலை. மலையோரத்துப் பழைய சுரங்க ஊரான க்ரோஸ்நெஸ்ட் பாஸில் நான் கேட்டது வேறு. 1903இல் மலை சரிந்து ஒரு பகுதி புதைந்த ஃபிராங்க் ஊரும், 1914இல் ஒரே வெடிவிபத்தில் 189 தொழிலாளர்களைப் பலிகொண்ட ஹில்க்ரெஸ்டும் அங்கேதான் உள்ளன. அப்படியிருந்தும், உணவகத்தில் எங்களுக்குக் காப்பி ஊற்றிய பெண்மணி, தம் தாத்தா சுரங்கத்தில் உழைத்தவர் என்றும், சுரங்கம் வந்தால்தான் தம் மகன் ஊரோடு இருப்பான் என்றும் தயக்கமின்றிச் சொன்னார். புதிய சுரங்கம் திட்டமிடப்பட்ட கிராஸி மலையில் பழைய சுரங்கத்தின் குப்பைமேடுகள் பல பத்தாண்டுகளாகச் சீரமைக்கப்படாமல் கிடக்கின்றன. புதிய நிறுவனமாவது அவற்றைச் சரிசெய்யுமே என்பதும் அவர் வாதம். 2021இல் மத்திய, மாகாணக் கூட்டு ஆய்வுக் குழு அத்திட்டத்தை நிராகரித்த பிறகும், 2024 நவம்பரில் அங்கு நடந்த வாக்கெடுப்பில் ஏறக்குறைய 72 விழுக்காட்டினர் ஆதரவாகவே வாக்களித்தனர். ஆனால் கிராஸி மலை அந்த நகராட்சிக்குள் இல்லை. பக்கத்து ரான்ச்லேண்ட் மாவட்டத்தில் இருக்கிறது, அந்த மாவட்டமோ திட்டத்தை எதிர்க்கிறது. சுரங்கம் அமையாத ஊரில் வாக்கெடுப்பு நடத்தி, அதை 'உள்ளூர் மக்களின் விருப்பம்' என்று காட்டியது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தூண்டில் மீன்பிடிப்பில் ஈடுபாடுள்ள ஓர் உறுப்பினர்

மலைக்கு மறுபுறம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் எல்க் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு வருமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். வெட்டிக் குவித்த கழிவுப்பாறையில் காற்றும் மழைநீரும் படப்படச் செலினியம் என்ற தனிமம் கரைந்து ஓடைகளில் இறங்குகிறது. சுரங்கத்தை மூடினாலும் அது உடனே நிற்பதில்லை. மீன் முட்டைகளில் சேர்ந்து, குஞ்சுகளை ஊனப்படுத்துகிறது. அங்கு 2012இல் நிகழ்ந்த கசிவுக்காக 2021இல் விதிக்கப்பட்ட தண்டத்தொகை 6 கோடி டாலர். கிராஸி மலையை ஒட்டிய கோல்டு ஓடையிலோ, அருகிவரும் கட்த்ரோட் ட்ரௌட் மீன்கள் இன்னும் முட்டையிடுகின்றன. 2025 மே மாதம் அம்மலையில் துளையிட்டு ஆய்வு செய்ய அனுமதி கிடைத்துவிட்டது. அந்த ஓடைப் பக்கம் அண்மையில் சென்று வந்தவர்கள் இருந்தால், நீர் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.