இரணைமடுக் குளத்தைச் சுற்றி நடக்க முடியுமா?

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்து ஆக்கள் யாராவது சொல்லுங்கோ.

நியூசிலாந்தில் இருக்கிற மச்சான், ரொட்டோருவாவுக்குக் கிட்ட நீல ஏரியைச் சுற்றி நடந்த படங்களை அனுப்பியிருக்கிறான். எரிமலை வெடித்த நிலம், ஐந்தரை கிலோமீற்றர் பாதை, வழியெல்லாம் வழிகாட்டிப் பலகை. வரும் விடுமுறைக்கு வன்னிக்கு வருகிறானாம், இரணைமடுவையும் அப்படியே சுற்ற வேணுமாம்!

குளக்கட்டில் நடப்பது பிரச்சினை இல்லை. வான்கதவில் இருந்து மற்ற அந்தம் வரைக்கும் நல்ல காற்று, ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் வயல். கட்டு முடிந்த பிறகுதான் யோசனை. அலைகரைப் பக்கம் (கட்டு இல்லாத, தண்ணீர் ஏறி இறங்குகிற கரை) மாட்டுத்தடம் தவிர வேறு வழி இருக்கிறதா? கனகராயன் ஆறு குளத்துக்குள் இறங்குகிற இடத்தைக் கோடையில் நடந்து கடக்கலாமா?

மிதிவெடி அகற்றி முடியாத துண்டு ஏதும் அந்தப் பக்கம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். "ஒண்டும் இல்லை, போகலாம்" என்று பொதுவாகச் சொல்லாமல், அண்மையில் போய் வந்தவர்கள் மட்டும் சொன்னால் நல்லது. யானை எந்த நேரம் தண்ணீருக்கு இறங்கும், முதலை இருக்கிறதா என்பதும் தெரிய வேணும்.

கூட வரக்கூடிய, இடம் தெரிந்த மாடு மேய்க்கிற ஐயா யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கோ. கூலி கொடுப்போம்.