மரங்களும் வயலும் கலந்த நிலத்துக்கு எந்த டிராக்டர்?

வணக்கம். பாதி மரங்கள், பாதி வயல் என்று கலந்த நிலம் எங்களுடையது. இரண்டையும் ஒரே டிராக்டரில் பார்த்துக்கொள்ள நினைக்கிறோம். சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர்கள் யோசனை சொல்லுங்கள்.

வயலில் பெரிய வேலை இல்லை. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், டிரெய்லர், அவ்வளவுதான். சிக்கலெல்லாம் மரங்களுக்கு நடுவே. உள்ளே நுழைந்து திரும்ப அகலம் குறைந்த வண்டி வேண்டும். ஆனால் நிலம் சரிவாகவும் இருப்பதால், அகலம் குறையக் குறையக் கவிழும் பயம் கூடுகிறது. கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் கட்டாயம், அதில் பேச்சே இல்லை. அந்தச் சட்டம் தாழ்ந்த கிளைகளில் மாட்டும். மடக்கிவிட்டு ஓட்ட எனக்கு மனமில்லை, மடக்கினால் அது காப்பாற்றாது. கிளைகளை முன்பே கழித்துவிடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

புதர் வெட்ட 5 அடி அகல ஸ்லாஷர் போடலாம் என்று எண்ணம். அடிக்கு 5 குதிரைத்திறன் என்ற கணக்கில் பி.டி.ஓ.வில் (கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) 25 தேவை. இன்ஜின் திறன் முழுவதும் பி.டி.ஓ.வுக்கு வராதே, அதனால் 35 வரை பார்க்கிறேன். முள்புதர் அடர்ந்த இடத்தில் இது தாங்குமா? நான்கு சக்கர இயக்கம் என்பது முடிவாகிவிட்டது.

அப்புறம், விழுந்த மரங்களை இழுக்க வேண்டும். சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே மாட்டினால் முன்பக்கம் தூக்கிக் கவிழ்த்துவிடும் என்பது தெரியும். தாழ்வான கொக்கியில்தான் மாட்டுவேன். இந்த அளவு வண்டிக்கு வின்ச் (கம்பி வடத்தைச் சுருட்டி இழுக்கும் கருவி) பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா? வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வண்டியின் அடியில் இடிக்காமல் இருக்க என்ன தகடு போட்டீர்கள், டயரில் குச்சி குத்துவதற்கு என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொன்னால் பெரிய உதவி.