அப்சிந்த் குடிச்ச அனுபவம்: தீயெல்லாம் வேணாம், ஐஸ் தண்ணி போதும்

ஜூரா மலைக்காரன்:

அப்சிந்த்னு சொன்னாலே நம்ம ஆளுங்க முதல்ல கேக்குறது "குடிச்சா கண்ணு முன்னாடி ஏதேதோ தெரியுமாமே, நிஜமா?"ங்கறதுதான். ஒண்ணும் தெரியாதுங்க. பெரும்பாலும் பாதிக்கு மேல ஆல்கஹால் இருக்குற சரக்கு, சிலது 70 சதவீதம் வரைக்கும் போகும், அத ராவா அடிச்சா எவனுக்கும் தலை சுத்தத்தான் செய்யும்.

நான் குடிச்சது ஸ்விட்சர்லாந்துல, நியூஷாத்தல் பக்கம் வால்-தெ-த்ராவேர்னு ஒரு பள்ளத்தாக்கு, இது பொறந்த இடமே அதுதான். அங்க கூவேங்கற ஊர்ல தூபியேன்னு ஒரு மேஜர் 1797-ல ரெசிபிய வாங்கி குடும்பத்தோட காய்ச்ச ஆரம்பிச்சாரு, அவரு மருமகன் ஆன்ரி-லூயி பெர்னோ 1805-ல பார்டர் தாண்டி பிரான்ஸ்ல போந்தார்லியேல பெரிய டிஸ்டில்லரி போட்டாரு, அதுக்கப்புறம்தான் பிரான்ஸ் பூரா பரவுச்சு.

முக்கியமா மூணு பொருள் உள்ள போகுது. வோர்ம்வுட், அனீஸ்ங்கற சோம்பு வாச விதை, அப்புறம் நம்ம சோம்பு. வோர்ம்வுட்னா ஏதோ தெரியாத செடின்னு நினைக்காதீங்க, நம்ம மரிக்கொழுந்தும் அதே ஆர்டிமீசியா இனம்தான். ஆல்கஹால்ல ஊறவச்சு வாலை வடிச்சா கசப்பு அடியிலயே தங்கிடும், வாசம் மட்டும் மேல வரும், தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். பச்சை கலர் வேணும்னா வடிச்சதுல திரும்ப வேற இலைங்கள ஊறவைக்கணும்.

ஒரு சின்ன டிஸ்டில்லரில ஒரு அம்மா ஊத்திக் காமிச்சாங்க. கிளாஸ்ல ஒரு 30 மில்லி, மேல ஓட்டை போட்ட தட்டை ஸ்பூன், அதுமேல ஒரு சர்க்கரை கட்டி. பக்கத்துல ஐஸ் தண்ணி நிரப்பின கண்ணாடி ஜாடி, அதுல சின்னச் சின்ன குழாய். குழாய லேசா திருகி சொட்டு சொட்டா விடுறாங்க, சர்க்கரை நனைஞ்சு மெதுவா இடிஞ்சு விழுது, ஒவ்வொரு சொட்டும் உள்ள போறப்ப எண்ணெய் மாதிரி கோடு கோடா சுழலுது, அப்புறம் அடியிலருந்து வெள்ளையா மேகம் கிளம்பி மேல ஏறுது. மேல ஒரு மெல்லிசு பச்சைக் கோடு மட்டும் நிக்கும், நான் கிளாஸ எடுக்கப் போனேன், அந்தம்மா கைய நீட்டி தடுத்துட்டாங்க, அந்தக் கோடும் மறையணுமாம். மறைஞ்சதும் முழுசும் அரிசி கழுவின தண்ணி மாதிரி ஆயிடுச்சு. அனீஸ்ல இருக்குற அனெத்தோல்னு ஒரு எண்ணெய் ஆல்கஹால்ல கரையும் தண்ணில கரையாது, அதான் இந்த வெண்மை. ஒரு பங்குக்கு மூணுலருந்து அஞ்சு பங்கு தண்ணி. அப்ப வந்த வாசம் இருக்கே, பாட்டில்ல மோந்தப்ப அதுல பாதி கூட இல்ல.

இவ்ளோ நல்ல பானத்த ஏன் தடை பண்ணாங்கன்னு கேட்டா எனக்கு இன்னைக்கும் கோவம் வருது. 1860-கள்லருந்து பூச்சி வந்து பிரான்ஸ்ல திராட்சைத் தோட்டமெல்லாம் அழிஞ்சு ஒயின் விலை ஏறிடுச்சு, ஜனங்க அப்சிந்த் பக்கம் வந்துட்டாங்க, தோட்டம் திரும்ப தழைச்சதும் ஒயின்காரங்க மதுவிலக்குக்காரங்களோட சேர்ந்துகிட்டு இதத் திட்ட ஆரம்பிச்சாங்க. 1905-ல ஸ்விட்சர்லாந்துல ஜான் லான்ஃப்ரேன்னு ஒருத்தன் பொண்டாட்டியையும் ரெண்டு பொண்ணுங்களையும் சுட்டுக் கொன்னுட்டான், கொடுமை. அன்னைக்கு பூரா ஒயினும் பிராந்தியும் குடிச்சிருக்கான், அதுல அப்சிந்த் ரெண்டே கிளாஸ், பழி மட்டும் மொத்தமா அதுமேல. 1908-ல ஓட்டெடுப்பு, 1910-ல தடை, 1915-ல பிரான்ஸும் தடை போட்டுச்சு. 2008-ல வந்த ஒரு ஆராய்ச்சில தடைக்கு முந்தின காலத்து பாட்டில்கள் 13 எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, வோர்ம்வுட்ல இருக்குற, பைத்தியம் பிடிக்க வைக்கும்னு சொன்ன துஜோன்ங்கற பொருள் சராசரியா லிட்டருக்கு 25 மில்லிகிராம் பக்கம்தான் இருந்துச்சு. இப்ப ஐரோப்பாவுல சட்டப்படியே 35 வரைக்கும் விடுறாங்க!

பிராக் ரிட்டர்ன்:

அண்ணா, நான் செக் நாட்டு பிராக்ல குடிச்சதுக்கும் நீங்க சொல்றதுக்கும் சம்பந்தமே இல்லையே. சர்க்கரைய சரக்குல முக்கி நெருப்பு வச்சு கிளாஸ்ல போட்டாங்க, குபீர்னு எரிஞ்சு கூட வந்தவன் சட்டைக் கை பொசுங்கிடுச்சு. வாய்ல வச்சா வேப்பங்கொழுந்து கசப்பு, தண்ணி ஊத்துனா வெள்ளையும் ஆகல.

நியூஷாத்தல் குசினி:

தம்பி, அந்த நெருப்பு விளையாட்டு 1990-களில செக் பக்கம் தொடங்கினது, பழைய முறை இல்லை. வெள்ளை ஆகேல்லை எண்டா அதில அனீஸ் இல்லை, இல்லாட்டி சரியான குறைவு.

நான் இஞ்ச ரெஸ்ரோரண்ட் குசினியில கனகாலமா வேலை செய்யிறன். தடை இருந்த காலம் முழுக்க அந்தப் பள்ளத்தாக்கில வீட்டு நிலவறையளுக்கை கள்ளமாக் காய்ச்சினவை, கலர் போடாமல் தெளிவா, லா ப்ளூ எண்டு சொல்லுவினம். 1983-ல பிரான்ஸ் ஜனாதிபதி மித்தரான் நியூஷாத்தலுக்கு வந்த நேரம் அப்சிந்த் போட்ட சூஃப்ளே எண்ட இனிப்பைக் குடுத்துப் பெரிய பிரச்சினையாப் போச்சு, எங்கட முதலாளி இண்டைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 2005-லதான் தடை எடுத்தவை. அந்தப் பள்ளத்தாக்கில இருக்கிற மோத்தியே ஊரில முந்தி கள்ளக்காய்ச்சல்காரரை விசாரிச்ச கட்டடமே இப்ப அப்சிந்த் மியூசியம். காட்டுக்குள்ள ஊத்துத் தண்ணிப் பீலிக்குப் பக்கத்தில போத்தில் ஒளிச்சு வைச்சிருப்பினம், நடந்து போறவை தாங்களே ஊத்தி, பீலித் தண்ணியக் கலந்து குடிச்சிட்டு காசு போட்டிட்டுப் போவினம். அந்தக் குளிர் தண்ணிக்கு வேற ருசி தம்பி, ஒருக்கா வந்து பாருங்கோ.

ஜூரா மலைக்காரன்:

அண்ணே சூப்பர், அந்த ஊத்து பக்கம் நான் போகல, அடுத்த தடவை கண்டிப்பா. போந்தார்லியே கதை ஒண்ணு சொல்லிடறேன். 1901 ஆகஸ்ட்ல பெர்னோ ஃபேக்டரில இடி விழுந்து தீப்பிடிச்சுச்சு, வெடிச்சிடக் கூடாதுன்னு அப்சிந்த் தொட்டிங்கள 'தூ'ன்னு ஒரு ஆத்துல திறந்து விட்டுட்டாங்க. கொஞ்ச நாள்ல மைல் கணக்கா தள்ளி இருக்குற லூ ஆறு ஊத்தெடுக்குற இடத்துல அப்சிந்த் வாசம்! தூ ஆத்துத் தண்ணி பூமிக்கடியில ஓடி அங்க போய்ச் சேருதுன்னு அப்பதான் வெளிச்சமாச்சு.

வாங்குறவங்களுக்கு ஒண்ணு, தெளிவா இருக்குற ப்ளூ வகைக்கு சர்க்கரையே வேணாம், தண்ணி மட்டும் போதும். பச்சை பாட்டில வெளிச்சத்துல வைக்காதீங்க, இலைல வந்த நிறம்ங்கறதால பழுப்பாயிடும்.