புதுப்பிப்பு: கோவில்பட்டி வீட்டுச் சுவர் வெடிப்புகள், மண் பரிசோதனைக்குப் பின்

எங்கள் கோவில்பட்டி வீட்டின் வடக்குச் சுவரில் கோடையில் விரிந்து, ஐப்பசி மழையில் ஓரளவு மூடிக்கொள்ளும் வெடிப்புகளைப் பற்றி இங்கே முன்பு கேட்டிருந்தேன். சிமெண்டின் தரம் குறைவு என்று சிலர் கருதினீர்கள். குழி தோண்டி மண்ணைப் பரிசோதித்ததில், அடியிலுள்ள கரிசலே காரணம் என்று உறுதியாகியுள்ளது.

கரிசலிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம், தன் அடுக்குகளுக்கிடையே நீரை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். மண் முழுவதும் சீராக ஏறி இறங்கினால் வீட்டுக்குப் பெரிய சேதம் நேராது. ஆனால் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் தங்கியிருக்க, ஓரங்களில் மட்டும் அது வற்றுவதால், அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் தாழ்ந்து, இழுவிசையைத் தாங்க இயலாத செங்கற்கட்டு சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகப் பிளக்கிறது. சுவரை ஒட்டி நிற்கும் வேம்பும் அந்த ஈரத்தை உறிஞ்சுகிறது.

ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய, அடியில் குமிழ்போல் அகன்ற பைல்களை (கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்களை), ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில், பொதுவாக 3.5 மீட்டருக்குக் குறையாமல் இறக்குவதே இம்மண்ணுக்கு ஏற்றது. புதிதாகக் கட்டுவோர் செலவைக் கருதி இதைத் தவிர்க்க வேண்டாம் என வேண்டுகிறேன். நாங்கள் இப்போது சுவரைச் சுற்றி வெளிப்புறம் சரியும் சிமெண்ட் தளம் அமைத்து, மாடி நீரைக் குழாய்வழியே தொலைவில் விடுகிறோம். வெடிப்புகளைப் பூசுவது அடுத்த கோடைக்குப் பின்னரே.