எந்த வீட்டுக்குப் போனாலும் "குறை ஒண்ணும் இல்லை" என்கிறார்கள்

கேள்வி (ஆய்வு மாணவி):
புலம்பெயர்ந்த குடும்பங்களும் கிராமத்துக் குடும்பங்களும் பள்ளியோடு எப்படிப் பழகுகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பள்ளியில் பட்டியல் வாங்கி இதுவரை 11 வீடுகளுக்குப் போய்விட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "குறை ஒண்ணும் இல்லை, டீச்சர் பார்த்துக்குவாங்க." ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் என் குரல்தான் அதிகம், வெட்கமாக இருக்கிறது. ஒரு வீட்டில் அம்மாவின் மொழி எனக்குத் தெரியாது. நான்காம் வகுப்பு மகள்தான் மொழிபெயர்த்தாள். அம்மா ஒரு நிமிடம் விடாமல் பேசினார். மகள், "பரவாயில்லைன்னு சொல்றாங்க" என்று முடித்துவிட்டாள். போதாக்குறைக்கு, கூட்டத்துக்கு வராத பெற்றோரை 'ஈடுபாடு குறைவு' என்று குறிக்கும்படி என் கேள்வித்தாளை நானே அமைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

பதில் 1 (களப்பணியில் பழையவர்):
பள்ளி கொடுத்த பட்டியலோடு போய் நின்றால் நீங்கள் பள்ளிக்கூடத்து ஆள்தான். உங்களிடம் போய்க் குறை சொல்வார்களா? அடுத்த வீடுகளைப் பள்ளி வழியாகத் தேடாதீர்கள். குடியேற்றக் காகிதம் சரியாக இல்லாத குடும்பம் என்றால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து என்றதுமே கதவு சாத்திவிடும். வாய்மொழி ஒப்புதலுக்கு, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள். அப்புறம், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவே வேண்டாம். தன்னைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளை முழுசாகச் சொல்லும்? அதே தெருக்காரரையும் கூப்பிடாதீர்கள், பேச்சு வெளியே போகும். பள்ளியைப் பற்றி நேராகக் கேட்காமல், "நீங்க படிச்ச பள்ளிக்கூடம் எப்படி?" என்று தொடங்கிப் பாருங்கள்.

பதில் 2 (ஆசிரியர்):
அந்த 'ஈடுபாடு குறைவு' கட்டத்தை முதலில் அடித்துவிடுங்கள். என் வகுப்பில் ஒரு பையனின் அப்பா மூன்று வருடம் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. ஆனால் தினமும் காலையில் வாசல் வரை கொண்டுவந்து விட்டு, மகன் படியேறி மறையும் வரை கம்பியைப் பிடித்தபடி நிற்பார். நாங்கள் கூட்டம் போட்டது பகல் இரண்டு மணிக்கு. கூலி வேலைக்காரர் எப்படி வருவார்? கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோல் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் டூசான் நகரில் ஆசிரியர்களே மாணவர்களின் வீடுகளுக்குப் போனார்கள், அறிவுரை சொல்ல இல்லை, கற்றுக்கொள்ள. மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களிடம் விவசாயம், கட்டட வேலை, பழுதுபார்ப்பு, மூலிகை என்று எவ்வளவோ அறிவு இருந்தது. பள்ளிதான் அதுவரை கேட்டதில்லை.

ஆய்வு மாணவி:
வேறு ஊரிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டு அதே அம்மாவிடம் மறுபடி போனேன். அவர் படித்த பள்ளியைப் பற்றிக் கேட்டேன். இரண்டாம் வகுப்போடு நின்றவராம். கொஞ்ச நேரம் பேசிவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். இரண்டு வருடமாகப் பள்ளி அனுப்பிய கடிதங்கள் அத்தனையும் தேதி வாரியாக, மடிப்புக் கலையாமல். ஒன்றையும் அவரால் படிக்க முடியாது. மேலே இருந்ததை என்னிடம் நீட்டி, "இதுல என்ன கேட்டிருக்காங்க?" என்றார். போன மாதமே பதில் தந்திருக்க வேண்டிய படிவம் அது.